காந்தி ரோட்டில் வங்காள எழுத்து

எங்க வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை என எங்கே பார்த்தாலும் வங்காள எழுத்துதான். எல்லாம் சிஎம்சி மருத்துவமனையைத் தேடி வருகிறவர்களுக்காக. 2019-இல் இந்தியா வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.09 கோடி, அதில் பங்களாதேஷ்காரர்கள் மட்டும் 25 லட்சத்துக்கு மேல். அமெரிக்காவைவிட அதிகம்!

2024 ஆகஸ்டில் பங்களாதேஷில் ஆட்சி கவிழ்ந்தது. அப்புறம் அவர்களுக்கு இந்திய விசா கிடைப்பதே குதிரைக்கொம்பாகிவிட்டது. அவசர சிகிச்சைக்குத்தான் ஓரளவு கொடுத்தார்கள்.

பங்களாதேஷின் குல்னா நகரத்திலிருந்து வந்து எங்க மாடி அறையில் மூன்று வாரம் தங்கிய அம்மா, ஆஸ்பத்திரி ஃபைலைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவார். கடுகெண்ணெயில் மீன் பொரித்தால் மாடிப்படி வரை மணக்கும். ஆறு மாதத்தில் மறுபடி செக்கப். வர முடியவில்லை. அவர் விட்டுப்போன கடுகெண்ணெய் பாட்டில் அலமாரியில் அப்படியே இருக்கிறது.