நவஹோ நீலக் கூழ்

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் பழங்குடியினரான நவஹோ மக்களின் நீல மக்காச்சோளக் கூழில் சூட்சுமமே சாம்பல்தான். ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தின் பச்சை இலைக்கொத்தை மட்டும் எரிக்க வேண்டும்; கட்டை சேர்ந்தால் கரித்துண்டு நெறுநெறுக்கும். ஆறியதும் மெல்லிய சல்லடையில் சலிக்கணும்.

கொதிக்கும் 4 கப் தண்ணீரில் 1 தேக்கரண்டி சாம்பல். 1 கப் நீல மக்காச்சோள மாவைக் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றுங்கள். நேராகக் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் உடையாது. அவர்கள் கிண்டுவது கரண்டியால் அல்ல, சேர்த்துக் கட்டிய குச்சிக் கற்றையால். 10 நிமிடம் சிறு தீ.

சாம்பலின் காரத்தன்மைதான் (உறைப்பு அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) நீலத்தைக் காக்கிறது. இல்லையென்றால் மங்கிப்போகும், கூடினால் பச்சையடித்துக் கசக்கும். பால் அதிகம் குடிக்காதவர்களுக்குக் கால்சியமும் இதிலிருந்துதான். உப்பு? மரபில் தேவையில்லை.