4 ஜிபி ரேமில் லினக்ஸ் மின்ட்: ஸ்வாப்பில் செய்து பார்த்தவை

பழைய மடிக்கணினி: 4 ஜிபி டிடிஆர்3எல் ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். பிரவுசரில் பதினைந்து டேப் தாண்டினால் மவுஸ் அம்பு விக்கி விக்கி நகர்கிறது, டிஸ்க் விளக்கு அணைவதே இல்லை, சிபியு மட்டும் சும்மா இருக்கிறது. மூன்றும் ஒன்றாக வந்தால் முதலில் ரேமைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரேம் போதாதபோது லினக்ஸ் அதிலிருப்பதில் சிலவற்றை டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்கு மாற்றும், அதுதான் ஸ்வாப்.

டெர்மினலில் 'விஎம்ஸ்டாட் 1' (ரேம், ஸ்வாப், டிஸ்க் ஓட்டத்தை நொடிக்கு ஒரு வரியாகக் காட்டும் கட்டளை) ஓடவிட்டுப் பார்த்தது. முதல் வரி பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி, அதை விட்டுவிடலாம். எஸ்ஓ (ரேமிலிருந்து ஸ்வாப்புக்குப் போவது) எப்போதாவது எண் காட்டினால் பயமில்லை, பயன்படாமல் தூங்கும் பக்கங்கள் (ரேமின் 4 கேபி துண்டுகள்) வெளியே போகின்றன. எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து ரேமுக்குத் திரும்புவது), எஸ்ஓ இரண்டும் ஓயாமல் ஓடினால்தான் வினை. ஸ்வாப் எத்தனை எம்பி நிறைந்திருக்கிறது என்பதைவிட இந்த ஓட்டமே முக்கியம். ரேமைத் தொட ஏறத்தாழ 100 நானோசெகண்டு போதும். டிஸ்க்கின் தலை நகர்ந்து ஒரு 4 கேபி பக்கத்தை எடுத்துவர 10 மில்லிசெகண்டு ஆகும். ஒரு லட்சம் மடங்கு!

அடுத்து, பலரும் சொல்லும் வைத்தியம்: ஸ்வாப்பினஸை (லினக்ஸின் மையமான கெர்னல் எவ்வளவு தாராளமாக ஸ்வாப்புக்கு அனுப்பும் என்ற எண்) 60-இலிருந்து 10-க்கு இறக்குவது. எஸ்ஐ, எஸ்ஓ குறைந்தன, ஆனால் பிஐ (டிஸ்க்கிலிருந்து படிப்பது) ஏறியது, விக்கலும் போகவில்லை. காரணம் இதுதான்: ஸ்வாப்புக்கு அனுப்பத் தயங்கும் கெர்னல், இடம் பிடிக்க ஃபைல் கேஷை (டிஸ்க் ஃபைல்களுக்கு ரேமில் வைத்திருக்கும் நகல்) காலி செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் கோடும் அந்த கேஷில்தான் இருக்கிறது. மறுநொடியே அதை டிஸ்க்கிலிருந்து திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது.

பலன் தந்தது ஜிராம்: பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பாமல், சுருக்கி ரேமிலேயே வைக்கும் ஸ்வாப். ஜிராம்-டூல்ஸ் நிறுவி, செட்டிங்ஸ் ஃபைலில் அல்கோ-வை (சுருக்கும் முறை) இசட்எஸ்டிடி ஆக்கி, பெர்சன்ட் 50 (ரேமில் இத்தனை சதவீதம், இங்கே 2 ஜிபி), பிரையாரிட்டி 100 (டிஸ்க் ஸ்வாப்புக்கு முன் இது நிறைய) என்று வைத்தது. பெர்சன்ட் இருந்தால் சைஸ் வரி செல்லாது, பலர் தடுக்குவது இங்கேதான். 2 ஜிபி என்பது சுருக்குவதற்கு முந்தைய அளவு. பாதியாகச் சுருங்கினால் ரேமில் 1 ஜிபிதான் பிடிக்கும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட படம், வீடியோ தரவு அப்படிச் சுருங்காது. ஜிராம் இருக்கும்போது ஸ்வாப்பினஸை 100-க்கு ஏற்றலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கெர்னல் 5.8 முதல் 200 வரை இடமுண்டு.

கடைசியில் இன்னொரு 4 ஜிபி ஸ்டிக். 204 பின், 1.35 வோல்ட். 1.5 வோல்ட் ஸ்டிக்கைச் சில போர்டுகள் ஏற்பதில்லை. போட்டதும் மெம்டெஸ்ட் (ரேமில் பழுது தேடும் கருவி) ஒரு முழுச் சுற்று ஓடட்டும். அதே டேப்களைத் திறந்ததில் எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் பூஜ்யம். டிஸ்க் ஸ்வாப்பை மட்டும் அழிக்கவில்லை: ஹைபர்னேட் செய்ய (ரேமிலிருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைக்க) ஜிராம் உதவாது, பவர் போனால் அதிலிருப்பதும் போய்விடும்.