பழுது ராமிலா, எஸ்எஸ்டியிலா?

பத்தாண்டுகளுக்கு மேலாக உழைத்துவரும் என் மேசைக் கணினி, எஸ்எஸ்டி (சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வட்டு) பொருத்திய சில வாரங்களில், பெரிய கோப்புகளைப் பிரதி எடுக்கும்போதெல்லாம் நீலத்திரை காட்டி நிற்கத் தொடங்கியதால், புதிதாக வந்த பாகத்தின் மீதே என் சந்தேகம் விழுந்தது. ஆனால் வட்டில் எழுதப்படும் தரவு முதலில் ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) வழியாகவே செல்வதால், அங்கே ஒரு பிட் (0 அல்லது 1) புரண்டாலும் கோப்பு கெட்டுப்போகும். பழி மட்டும் எஸ்எஸ்டியைச் சேரும்.

ஆகவே ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென்டிரைவிலிருந்து இயக்கி, இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் பிழை வரிகள் குவிந்திருந்தன. இரண்டு டிடிஆர்3 ராம்களையும் கழற்றி, ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் செருகிச் சோதித்ததில், ஒன்று மட்டுமே பிழை காட்டியது; அது அடுத்த ஸ்லாட்டிலும் அவ்வாறே நடந்துகொண்டதால் மதர்போர்டு தப்பித்தது. முனைகளை அழிப்பானால் துடைத்துப் பார்த்தும் பயனில்லாமல், அதை மாற்றினேன்.

எஸ்எஸ்டியின் பக்கமும் ஒரு சிக்கல் இருந்தது. வட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில், 199ஆம் எண்ணிலுள்ள சிஆர்சி பிழைக் கணக்கு (தரவு கடத்தலில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே இருந்தது. அது பெரும்பாலும் சில்லுகளின் தேய்மானத்தையன்றி, வட்டை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளின் கோளாற்றையே குறிக்கும். கேபிளை மாற்றியதும் ஏற்றம் நின்றது, பழைய எண் மட்டும் அழியாமல் அப்படியே இருக்கிறது. வேகம் நொடிக்கு 300 மெகாபைட்டை எட்டாதது பழுதன்று, சாட்டா 2 இணைப்பின் வரம்பே அவ்வளவுதான்.