சூசையும் ஜோசப்பும்

கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக அப்பா அந்தக் காலத்தில் வாங்கி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு, பெண் வீட்டார் சேர்ந்த கோயிலின் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்." சரியென்று ஊருக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தேன். இப்போது வேறொன்று: "இதுல அப்பா பேரு சூசை, ஆதார்ல ஜோசப்புன்னு இருக்கே?" ஜோசப்பைத் தமிழில் சொன்னால் சூசை. சொன்னவர் தலைக்கு மேலேயே சூசையப்பர் படம் மாட்டியிருந்தது. பழைய சான்றிதழிலும் சூசைதான். முதல் நாளே பிரித்துப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு ரயில் டிக்கெட் மிச்சம்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முன்னால் கல்யாணம் முடிய வேண்டும். அதற்கும் முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். மறுபடி ஊருக்கு ஓடினேன். பங்குத்தந்தை சிரித்துவிட்டார். ஆனாலும் பதிவேட்டில் கை வைக்க ஆயர் (பிஷப்) இல்லத்து அனுமதி வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தார். எந்த ஆயர் இல்லம் என்று நான் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்தது கோட்டாறு ஒன்றுதான். நேரே நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

ஓர் ஆயரின் கீழ் வரும் பகுதிதான் மறைமாவட்டம். 1930-இல் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது கோட்டாறு. 2014 டிசம்பரில் அதிலிருந்து குழித்துறை தனி மறைமாவட்டமானது. விளவங்கோடு தாலுகாவில் இருக்கும் எங்கள் பங்கும் அதோடு போய்விட்டது. புதுச் சான்றிதழின் தலைப்பிலேயே குழித்துறை என்றுதான் இருந்தது. நான் பெயரை மட்டும் பார்த்தேன், தலைப்பைப் பார்க்கவில்லை. ஒரு பகல் போயிற்று. குழித்துறையில் பங்குத்தந்தை கடிதத்தையும் அப்பாவின் ஆதார் நகலையும் கொடுத்ததும் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இனிப் போகிறவர்கள் முதலில் போன் செய்துவிட்டுப் போங்கள், திங்கட்கிழமையைத் தவிருங்கள். பெற்றோர் பெயரை ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சூசை, ராயப்பர் (பீட்டர்), சின்னப்பர் (பால்) என்று பெயருள்ள வீட்டுக்காரர்கள் இரண்டு முறை பாருங்கள்.

ஊர்ப் பங்கில் திருத்தம் எழுதும்போது, கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். மங்கிய நீல மையில் என் பெயர், கீழே ஞானத்தாயாக அத்தை பெயர். உறுதிபூசுதல் என்ற சடங்கின் குறிப்புக்குப் பிறகு ஓரம் வெறுமையாக இருந்தது. "கல்யாணம் ஆனா இங்கதான் எழுதுவோம். இது காலியா இருக்கான்னு பார்க்கத்தான் புதுசு கேக்குறது" என்றார். ஆறு மாதக் கணக்கு எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. நேற்று உபதேசியாருக்குப் போன் செய்தேன். பெண் வீட்டுப் பங்கிலிருந்து அறிவிப்பு இன்னும் வரவில்லையாம். அந்த ஓரம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.