கஜாவுக்கு அப்புறம் நட்ட தென்னை

கஷ்டத்துல இருக்கிறவங்ககிட்ட போய் "எல்லாம் விதி, மனசைத் தேத்திக்க"ன்னு சிலர் சொல்றப்ப, எனக்கு எங்க பேராவூரணிப் பக்கத்துப் பெரியப்பா ஞாபகம்தான் வரும்.

2018 நவம்பர் 16, கஜா புயல். விடியறப்ப தென்னந்தோப்புல பாதி மரம் தரையில. "கொடுத்தவன் எடுத்துக்கிட்டான்"னார். யாரையும் திட்டல. ஆனா உடனே மரம் அறுக்க ஆள் தேடிக் கிளம்பிட்டார். சாய்ஞ்ச மரம் கிடந்து மக்கினா காண்டாமிருக வண்டு அதுலதான் முட்டை வைக்கும். வளர்ந்த வண்டு புதுக் கன்னோட குருத்தைக் குடைஞ்சு தின்னும். ஆண்டவன் சித்தம்னு சும்மா உக்காந்திருந்தா அடுத்த தோப்பும் போயிருக்கும். போனதை மட்டும்தான் அவர் சாமி கணக்குல எழுதினார், வரப்போறதை இல்ல.

அப்புறம் புதுசா நட்டார். நெட்டை ரகத் தென்னங்கன்னு காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் ஊடுபயிரா கடலை, உளுந்து. வண்டு வராம இருக்க, குருத்து இடுக்குல வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து போடுவார். நடுவுல நீலகண்டப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைப்பார், அதுவும் கடையில காசு கொடுத்து வாங்கி! என்ன வேண்டிக்கிட்டீங்கன்னு கேட்டா, "ஒண்ணுமில்லடா, சும்மா பாத்துட்டு வந்தேன்"பார்.

ஆனா இந்தக் கதையை, கடன் வாங்கித் தோப்பு வச்சு எல்லாத்தையும் இழந்தவங்ககிட்ட உபதேசமா சொல்ல எனக்கு வாய் வராது. பெரியப்பாவுக்குக் கொஞ்சம் நெல்லு வயல் இருந்துச்சு. சாப்பாட்டுக்குக் கவலை இல்லாம மண்வெட்டியத் தூக்க முடிஞ்சது. அது எல்லாருக்கும் வாய்க்கல.