‘சூராங்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

கோலாலம்பூரில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த நாட்களில் என்னை அதிகம் படுத்திய மலாய்ச் சொல் ‘சூராங்’ (curang). குற்றச்சாட்டு வாசகத்தில் அடிக்கடி வரும். மலாய் வீட்டுப் பேச்சில் கட்டினவருக்குத் துரோகம் செய்வதையும் அப்படித்தான் சொல்வார்கள். சட்டத்தில் அது வேறு.

ஒரு நாள் கூண்டில் ஒரு பெரியவர். கடையில் கணக்கு எழுதியவர். கல்லாப் பணத்தைக் கையாடினார் என்று மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவில் வழக்கு. பழக்க தோஷத்தில், ‘சூராங்’ வந்த இடத்தில் ‘ஏமாற்றும்’ என்று போட்டு, “ஏமாற்றும் எண்ணத்தோடு எடுத்தீர்கள் என்பது குற்றச்சாட்டு. ஒத்துக்கொள்கிறீர்களா ஐயா?” என்று கேட்டுவிட்டேன். கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

“எடுத்தேன் தம்பி. சம்பளம் வந்ததும் வச்சிடலாம்னுதான் எடுத்தேன். நான் யாரையும் ஏமாத்தலையே.”

தவறு என்னுடையது. ஏமாற்றுவது 415ஆம் பிரிவு. ஊருக்கெல்லாம் தெரிந்த 420 அதன் வழியில் வருவது. (இந்தியாவில் 2024 ஜூலையில் அந்த எண் போய்விட்டது. இங்கே இன்னும் இருக்கிறது.) அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு அதுவே இல்லை.

சரி, ‘நாணயமில்லாமல்’ என்று சொல்லியிருக்கலாமா? நாணயம் காசுக்கும் பேர், நேர்மைக்கும் பேர். ஒருவரை நாணயமானவர் என்றால் அவர் வாழ்நாளுக்கே தரும் சான்று அது. நாணயமில்லை என்றால் ஆளையே தள்ளிவைத்த மாதிரி. சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. 1860இல் இந்தியாவுக்கு இயற்றிய தண்டனைச் சட்டத்தை ஒட்டி, 1872இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த சட்டத்தின் வழியாக வந்த ‘சூராங்’ வரையறை இது: உரிமையில்லாத ஆதாயம் ஒருவருக்குக் கிடைக்கட்டும், அல்லது இன்னொருவருக்கு உரியது பறிபோகட்டும் என்ற எண்ணத்தோடு செய்வது. அந்த ஒரு செயல், அதன் பின்னால் இருந்த எண்ணம், அவ்வளவுதான் கேள்வி. ஆனால் சில நாளைக்கு மட்டும் எடுத்து வைத்துக்கொள்வதும் கையாடல்தான் என்று 403இன் விளக்கம் சொல்கிறது. பெரியவர் நம்பியிருந்த இடமே அதுதான்.

அதை அவருக்கு எடுத்துச் சொல்வது என் வேலை இல்லை, வக்கீலின் வேலை. அவர் பதிலை அப்படியே மலாயில் சொன்னேன். அப்புறம், நான் சொன்ன தமிழ்ச் சொல் பிழை, மறுபடி வாசிக்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி கேட்டேன். அந்த வரையறையை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை.

“வக்கீல்கிட்ட பேசிட்டுச் சொல்றேன் தம்பி” என்றார்.