பழைய லேத்: இதுக்கு முன்னாடி என்ன வேலை ஓட்டுச்சு?

கோயமுத்தூரில் பழைய லேத்துக்கு (கடைசல் மெசினுக்கு) பஞ்சமே இல்லை. கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பக்கம் பட்டறைகள் கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி.க்கு மாற மாற, கை லேத்துகள் வெளியே வந்துகொண்டே இருக்கின்றன. வீட்டுப் பட்டறைக்கு 4½ அடி மெசின் போதும். இடமும் தூக்க வசதியும் இருந்தால் 6 அடி. விற்பவர் முதலில் கம்பெனிப் பெயரைத்தான் சொல்வார்: எச்.எம்.டி., கிர்லோஸ்கர், பி.எஸ்.ஜி., இல்லையென்றால் லூதியானா, பட்டாலா, ராஜ்கோட் மெசின். பெயரில் விஷயம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "இது இத்தன நாளா என்ன வேலைங்க ஓட்டுச்சு?" என்பதுதான்.

நம்ம ஊர் லேத்துகளில் பாதி பம்பு பாகம் கடைந்தவை. வார்ப்பிரும்புத் தூள் எண்ணெயோடு கலந்து, டூலைத் தாங்கி நகரும் சேடிலுக்கு அடியில் போனால், அதுவே தேய்க்கும் பசையாகிவிடும். பம்பு வேலை எல்லாம் குட்டை ஜாப். அதனால் தேய்மானம் முழுவதும், ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் சக்குக்குப் பக்கத்து ஒரு அடியில்தான் விழும். மீதிப் பெட் (சேடில் ஓடும் நீள அடிப்பாகம்) புதுசு மாதிரியே இருக்கும். நூல் மில் மெயின்டனன்ஸ் பிரிவிலிருந்து வந்த மெசின் அப்படியில்லை. பழுது வந்தால்தான் அதற்கு வேலை, வேலையும் பெரும்பாலும் ஸ்டீல். அந்த வகை கிடைத்தால் இரண்டு நாள் அலைந்தாவது பார்க்கலாம். திருச்செங்கோடு போர்வெல் பட்டறை மெசின் என்றால், கனத்த வெட்டு வாங்கிய ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் தண்டு) பேரிங்கை முதலில் சந்தேகப்படுங்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறை மெசினில் துரு, குறிப்பாக மரை (திருகு வரி) வெட்டும்போது சேடிலை இழுக்கும் லீட் ஸ்க்ரூவில். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஏலத்தில் வருபவை அதிகம் தேய்ந்திருக்காது; சேடிலைச் சக்கில் கொண்டுபோய் மோதிய வடுவும் உடைந்த கியர்ப் பல்லும் இருக்கும்.

புதுப் பெயின்ட் எதையும் சொல்லாது. பெட்டின் தேய்மானத்தைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். சேடிலைச் சக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அதன் பூட்டு போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கம் தெரியும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். பிறகு கைச்சக்கரத்தைச் சுற்றி, எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். ஒரே சீராகப் போனால் நல்ல பெட். நடுவிலேயே சிக்கி நின்றால், சக்குப் பக்கம் அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, சேடில் ஒருபோதும் போகாத ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டில் இருக்கும் தலைப்பகுதி) ஓரத்தில் நகத்தை வைத்து இழுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் படி இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

எவ்வளவு தேய்மானம் வரை பொறுக்கலாம்? டூல் நேராகக் கீழே இறங்குவதால் அதிகம் கெடுவதில்லை: 25 மி.மீ. ராடில் டூல் 0.1 மி.மீ. இறங்கினால் விட்டத்தில் ஒரு மைக்ரான் கூட மாறாது. கெடுப்பது, சேடில் வழுக்கிப் போகும் முன்பக்க வி-வழியின் தேய்மானம். அது சேடிலைப் பக்கவாட்டில் தள்ளும். 0.05 மி.மீ. தள்ளினால் விட்டத்தில் 0.1 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். பெட் கிரைண்டிங் செய்துகொள்ளலாம் என்று புரோக்கர் சொல்வார். செய்யலாம்தான். ஆனால் பெட் இறங்கினால் சேடிலும் இறங்கும். சேடிலோடு தொங்கும் ஏப்ரன், சேடிலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ, ஃபீடு ஷாஃப்ட், ரேக் எல்லாவற்றின் நேரும் போய்விடும். சேடிலுக்கு அடியில் பட்டை ஒட்டிச் சுரண்டி, பழைய உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மெசின் விலையை விட அந்தச் செலவு கூடிவிடலாம்.

ஸ்பிண்டிலுக்கு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் அளவுகோல்) கொண்டுபோங்கள். சக்கில் பிடித்த ராடில் வைத்துப் பார்த்துப் பயனில்லை. பழைய மூன்று தாடைச் சக்கு 0.1 மி.மீ. அடிப்பது சாதாரணம், அது ஸ்பிண்டிலின் குறை இல்லை. சக்கைக் கழற்றி, ஸ்பிண்டிலின் உள் டேப்பரை (கூம்புத் துளையை) துடைத்துவிட்டு அங்கே வையுங்கள். 0.01 மி.மீ.க்குள் இருந்தால் அருமை. அப்புறம் சக்கை மறுபடி மாட்டி, அதில் கனமான ராடு பிடித்து, பெட் மேல் மரக்கட்டை வைத்து நெம்பிப் பாருங்கள். ஸ்பிண்டில் மூக்கில் (சக்கு மாட்டும் முனையில்) வைத்த டயல் கேஜ் முள் 0.03 மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. டேப்பர் ரோலர் பேரிங் என்றால் இறுக்கிச் சரிசெய்ய வாய்ப்புண்டு. கன்மெட்டல் புஷ் என்றால் ஷிம் (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுற்றினால் பலர் மிரண்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் கன்மெட்டல் நட்டின் தேய்மானம். எந்த டர்னரும் புது நட்டு கடைந்து கொடுப்பார்.

மரை அளவுக்கு ஏற்ப மாற்றிப் போடும் மாற்று கியர்களை எண்ணிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பழைய மெசின்களில் லீட் ஸ்க்ரூ இன்ச் கணக்கு, பலவற்றில் அங்குலத்துக்கு 4 மரை. மெட்ரிக் மரை துல்லியமாக வெட்ட 127 பல் கியர் வேண்டும். 1.5 மி.மீ. மரைக்கு விகிதம் 30/127. பல மெசின்களில் காணாமல் போயிருப்பது இந்த ஒரே கியர்தான். அது இல்லாவிட்டால் 63 பல் கியரை வைத்துச் சமாளிக்கலாம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.125 மி.மீ. பிழைதான் வரும், போல்ட்டு நட்டுக்கு அது ஒன்றுமில்லை. நான்கு தாடைச் சக்கு, நீள ராடைத் தாங்கும் ஸ்டெடி, ஜாப்பைப் போல்ட் போட்டுக் கட்டும் ஃபேஸ் பிளேட் எல்லாம் கூடவே வருகிறதா என்றும் பாருங்கள். ஸ்பிண்டில் மரைக்குப் பொருந்தும், சக்கைத் தாங்கும் பேக் பிளேட்டைத் தனியாகத் தேடிப் பிடிப்பது பெரிய வேலை.

வண்டியில் ஏற்றும்போது தூக்கும் பெல்ட்டைப் பெட்டுக்கு அடியில் மட்டும் போடுங்கள், லீட் ஸ்க்ரூவில் பாரம் படவே கூடாது. இடையில் மரக்கட்டை கொடுங்கள். ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம். சேடிலையும் டெயில்ஸ்டாக்கையும் மறுமுனைக்குத் தள்ளிப் பூட்டினால் ஓரளவு சமன் ஆகும். லேத்துக்குத் தலை கனம், கவிழ்ந்தால் பிடிக்க முடியாது. வண்டியில் நான்கு பக்கமும் கட்டுங்கள்.

வீட்டில் இறக்கியதும் கடைந்து பார்த்துவிட்டு "டேப்பர் அடிக்குது" (ராடு ஒரு முனையில் பெருத்து வருகிறது) என்று கலங்க வேண்டாம். பெட் முறுக்கியிருந்தாலும் டேப்பர்தான் வரும். 0.02 மி.மீ./மீட்டர் லெவல் (ரசமட்டம்) இரவல் கிடைத்தால் முதலில் அதை வைத்துச் சமன் செய்யுங்கள். பிறகு 40 மி.மீ. ராடை 150 மி.மீ. வெளியே நீட்டிப் பிடித்து, நடுப்பகுதியைக் குறைத்து, இரண்டு முனையிலும் வளையம் மாதிரி விடுங்கள். ஒரே அமைப்பில், மிக மெல்லிய வெட்டாக இரண்டையும் கடைந்து மைக்ரோமீட்டரில் அளங்கள். டெயில்ஸ்டாக் பக்க வளையம் பெரிதாக இருந்தால், அந்த முனையில் நீங்கள் நிற்கும் பக்கத்துக் காலுக்கு ஷிம் கொடுத்து உயர்த்துங்கள். சிறிதாக இருந்தால் எதிர்ப்பக்கத்துக் காலுக்கு. காங்கிரீட் தரை இறுகி அமர அமர இது மாறும். சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

கடைசியாகக் கரண்ட். மெசின் மூன்று ஃபேஸ், வீடு ஒரு ஃபேஸ் என்றால் வி.எஃப்.டி. (ஒரு ஃபேஸை மூன்று ஃபேஸாக்கி மோட்டாரை ஓட்டும் மின்கருவி) போடலாம். ஒரு ஃபேஸ் வி.எஃப்.டி. கொடுப்பது 230 வோல்ட் மூன்று ஃபேஸ்தான். மோட்டாரின் பெயர்ப் பலகையைப் படியுங்கள்: 415 வோல்ட் ஸ்டார் என்றிருந்தால் டெல்டாவுக்கு மாற்றிக் கட்ட வேண்டும் (இரண்டும் மோட்டார் காயில்களை இணைக்கும் முறைகள்). பெட்டியில் மூன்று முனை மட்டும் வெளியே இருந்தால், காயில் கட்டுபவரிடம் கொடுத்து ஆறையும் வெளியே எடுங்கள். 415 டெல்டா மோட்டார் இதற்கு ஒத்துவராது. லேத்தில் இருக்கும் பழைய ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்சை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் விடாதீர்கள். ஓடும்போது திருப்பினால் வி.எஃப்.டி. எரியும். அதன் வயரை வி.எஃப்.டி.யின் சிக்னல் முனைகளுக்கு மாற்றுங்கள். சக்கைத் திருகி மாட்டும் மரை மூக்குள்ள ஸ்பிண்டிலில் திடீரென்று பிரேக் பிடித்தால், சுற்றும் வேகத்தில் சக்கு தானாகக் கழன்று பெட் மேல் விழும். வி.எஃப்.டி.யில் நிற்கும் நேரத்தை 5 விநாடிக்குக் குறையாமல் வையுங்கள். அந்த மாதிரி ஸ்பிண்டிலில் ரிவர்ஸில் வைத்து வெட்டவே வேண்டாம்.